காக்கி கேட்டு வருகிற பிள்ளைகள்

காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டை உயர்த்திச் சொல்ல வேண்டுமென்றால் பெரியவர்கள், "போலீஸ் ஸ்டேஷன் படி ஏறாத குடும்பம்" என்பார்கள். பெண் கொடுக்க, பெண் எடுக்க, அதுவே பாதி விசாரிப்பு. அதே ஊர்களிலிருந்துதான் ஞாயிறுதோறும் என்னிடம் பிள்ளைகள் வருகிறார்கள், இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படிக்க. கல்லல், சாக்கோட்டை, புதுவயல், தேவகோட்டைக்கு அந்தப்பக்கம் என்று பல ஊர். நான் கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறவன். அந்தத் தேர்வில் உளவியல் பகுதி உண்டு என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். போனவன் அங்கேயே தங்கிவிட்டேன்.

ஒருமுறை கல்லலிலிருந்து ஒரு பெண்ணோடு அவள் அப்பத்தாவும் வந்திருந்தார். வரப்புத் தகராறில் பக்கத்து நிலத்துக்காரர் இரண்டடி தள்ளிக் கல் நட்டபோதும் இவர்கள் ஸ்டேஷனுக்குப் போகவில்லையாம். "போனா நம்ம பேச்சு எங்கய்யா எடுபடும்? உக்காரக்கூடச் சொல்ல மாட்டாங்க" என்றார். பேத்தி மட்டும் எதற்கு அந்த வேலைக்கு என்று கேட்டேன். "இவ காக்கி போட்டுட்டா நாங்க ஏன்யா பயப்படணும்?"

போலீஸைக் கண்டால் பயம், போலீஸ் வேலை என்றால் ஆசை. இரண்டும் முரண் என்றுதான் வெளியே இருப்பவர்கள் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த அப்பத்தாவுக்கு இரண்டும் ஒன்றுதான். பயம் எங்கே அதிகமோ அங்கேதான் காக்கியின் விலையும் அதிகம்.

காவல்துறை பற்றிய ஆய்வுகளில் பொதுமக்களின் நம்பிக்கையை அளப்பது ஒரு பெரிய துறை. டாம் டைலர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1984-இல் சிகாகோ நகரத்தில் 1,575 பேரிடம் பேசி எழுதியது இன்றும் அதற்கு அடிப்படை. போன காரியம் முடிந்ததா என்பதைவிட, தன்னை மரியாதையாக, பாரபட்சமில்லாமல் நடத்தினார்களா என்பதை வைத்தே மக்கள் போலீஸை எடைபோடுகிறார்கள் என்றார் அவர். அப்பத்தாவின் "உக்காரக்கூடச் சொல்ல மாட்டாங்க" என்பதும் அதேதான். இன்னொரு பக்கம் காவலர்களையே கேட்கும் ஆய்வுகள். 2019-இல் காமன் காஸ் என்ற தன்னார்வ அமைப்பும் லோக்நீதி என்ற ஆய்வுக் குழுவும் 21 மாநிலங்களில் கிட்டத்தட்ட 12,000 காவலர்களிடம் எடுத்த கணக்கில், சராசரி வேலை நேரம் நாளுக்கு 14 மணி நேரம் என்று வந்தது. இரண்டுமே தேவையான ஆய்வுகள். ஆனால் இருட்டோடு எழுந்து மைதானத்தில் ஓடுகிற, இன்னும் பொதுமக்களாகவே இருக்கிற, நாளைக்குக் காவலராகப் போகிற பிள்ளையை இவை விட்டுவிடுகின்றன.

தேர்வும் அவர்களைக் கேட்பதில்லை. எழுத்துத் தேர்வு, உயரம், மார்பளவு, ஆண்களுக்கு 7 நிமிடத்தில் 1,500 மீட்டர், கயிறு ஏற்றம், சான்றிதழ். சார்பு ஆய்வாளர் தேர்வில் நேர்காணல் இருக்கிறது, காவலர் தேர்வில் இல்லை. 'உனக்கு ஏன் இந்த வேலை?' என்று ஒருவரும் கேட்காமலேயே ஒருவர் காவலராகிவிடலாம். அதனால் நான் கேட்கிறேன். ஒரு தாளில், பெயர் போட்டு, மனதில் இருப்பதை எழுதச் சொல்கிறேன். அரசாங்க வேலை, அப்பாவின் கடன், தங்கச்சி கல்யாணம் என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். 18,200 ரூபாயில் தொடங்கும் சம்பளம் இந்த ஊர்களில் சின்ன விஷயமில்லை. நாலு பேருக்கு உதவணும் என்பவர்களும் உண்டு. என்னை உறுத்துவது, 'யாரும் எங்களை மிரட்ட முடியாது' என்ற வரி. அது எழுதியவரின் குறையில்லை, அவர் ஊரில் பட்டது. ஆனால் அந்தக் காயத்தோடு போகிறவர் எதிரில் நாளை இன்னொரு அப்பத்தா வந்து நிற்பாரே, அவரை எப்படி நடத்துவார்?

ஜான் வான் மானன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களின் தொடக்கத்தில் தானே போலீஸ் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, புதிதாக வந்தவர்களோடு இருந்து பார்த்தார். சேரும்போது இருந்த ஆர்வம் சில மாதங்களிலேயே சரிந்தது. அதைவிடக் கசப்பானது, ஆர்வம் குறைந்தவர்களைத்தான் மேலதிகாரிகள் நல்ல காவலர்கள் என்று மதிப்பிட்டார்கள்.

இங்கே வழி இன்னும் சுற்று. நம் பிள்ளைகள் முதலில் ஆயுதப்படைக்கோ சிறப்புக் காவல் படைக்கோ போவார்கள். மக்கள் புகார் கொடுக்க வருகிற தாலுகா ஸ்டேஷனுக்கு வர வருடங்கள் ஆகும். அதுவரை பந்தோபஸ்துதான்: சிராவயல் மஞ்சுவிரட்டு, தலைவர்கள் வருகை, கண்டதேவித் தேர். பல வருடம் ஓடாமல் நின்ற அந்தத் தேர் 2024 ஜூனில் ஓடியபோது ஊரே போலீஸாக இருந்தது. பந்தோபஸ்து முடித்து வந்த என் பழைய மாணவன் ஒருவன் சொன்னான்: "சார், விடிய விடிய நின்னோம். எங்கள ஒருத்தரும் மனுசனாப் பாக்கல. கொஞ்ச நேரத்துல நாங்களும் யாரையும் அப்படிப் பாக்கல." படித்த அத்தனை கட்டுரைகளிலும் இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லிப் பார்த்ததில்லை.

2025 ஜூனில் எங்கள் மாவட்டத்தில், திருப்புவனத்தில், நகை காணோம் என்ற புகாரில் விசாரிக்க அழைத்துப்போன கோயில் காவலாளி இறந்தார். காவலர்கள் கைதானார்கள், வழக்கு சிபிஐக்குப் போனது. அடுத்த வகுப்பில் ஒரு பையன் எழுந்தான். "சார், அந்த எடத்துல நான் இருந்து, மேல இருக்கவங்க அடின்னு சொன்னா என்ன பண்றது?" 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையெல்லாம் சொன்னேன்: கைதுக் குறிப்பு, அதில் சாட்சி கையெழுத்து, உறவினருக்குத் தகவல், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. அவனுக்கு அதெல்லாம் மனப்பாடம். அவன் கேட்டது சட்டத்தை அல்ல, தைரியத்தை.

அதற்குப் பிறகு ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவரை வகுப்புக்கு அழைத்து வருகிறேன். பிள்ளைகளில் ஒருவர் புகார்தாரராகவும் இன்னொருவர் காவலராகவும் நடிப்பார்கள். "மொதல்ல நாற்காலியப் போடு தம்பி, அப்புறம் பேனாவ எடு" என்பார் ஏட்டு. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்காமலே கொடுக்கச் சொல்வார். தப்பான உத்தரவு வந்தால் மறுத்துப் பேசத் தான் எந்த வார்த்தைகளைப் பயன்படுத்தினார் என்றும் சொல்லிக் கொடுப்பார். "ஐயா, இத டைரில எழுதிரட்டுமா?" என்று பணிவாகக் கேட்டால் பாதிப் பேர் பின்வாங்குவார்களாம்.

பிள்ளைகள் எழுதித் தந்த தாள்களை வைத்திருக்கிறேன். எழுதியவர்களில் பலர் இப்போது ஆயுதப்படையில். அவர்கள் தாலுகாவுக்கு வந்ததும் இதே கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டும். ஆராய்ச்சி மாணவர் யாராவது எடுத்துச் செய்வதாக இருந்தால், எழுதியவர்களின் சம்மதத்தோடு, பெயரை மறைத்துத் தருகிறேன்.