மாடிப்படிக்கு அடியில் இருந்த சர்வர்

எங்கள் அலுவலகத்தின் மாடிப்படிக்கு அடியில் ஒரு சிறிய அறை. அதில் எட்டு வருடங்களாக ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அறையின் ஏசி நின்றால் என் தூக்கமும் போய்விடும். ஒரு திங்கட்கிழமை அதன் ஹார்ட் டிஸ்க்குகளில் இரண்டு அடுத்தடுத்துப் பழுதாயின. தகவலைப் பல டிஸ்க்குகளில் பிரித்து வைக்கும் ரெய்டு 5 அமைப்பு ஒரு டிஸ்க் போனால் தாங்கும். இரண்டு போனால் அவ்வளவுதான். பேக்கப் இருந்தது, ஆனால் பதினொரு நாள் பழையது. விற்பனைப் பிரிவினர் அந்தப் பதினொரு நாள் பில்களையும் காகிதத்தைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தார்கள். அந்த வாரம் முழுக்க நான் அவர்கள் பக்கமே போகவில்லை.

புது சர்வர் வாங்குவதென்றால் ஐந்து வருடத் தேவையை இன்றே ஊகித்து மொத்தப் பணத்தையும் கட்டியாக வேண்டும். கிளவுடில், அதாவது வேறொரு நிறுவனத்தின் கணினியை இணையம் வழியே பயன்படுத்தும் முறையில், இயந்திரம் ஓடும் நேரத்துக்குத்தான் அதற்கு வாடகை. எங்களுக்குப் பெரிய இயந்திரம் தேவைப்படுவது ஆண்டுக் கணக்கு முடிக்கும் இரண்டு வாரம் மட்டுமே. இதைச் சொன்னதும் முதலாளி கேட்டார்: "நம் கணக்கு வேறொருவர் கம்ப்யூட்டரில் இருப்பதா?" நியாயமான கேள்வி. அரை மனதோடுதான் சம்மதித்தார்.

தகவல்களை ஏற்றுவதுதான் முதல் மலைப்பு. இருந்தது 3 டெராபைட். எங்கள் அப்லோடு வேகம் நொடிக்கு 20 மெகாபிட். இரவும் பகலும் முழு வேகத்தில் அனுப்பினாலும் 14 நாள். பகலில் அனுப்பினால் அலுவலகமே முடங்கும். ஆகவே முதலில் குப்பையைக் கழித்தோம். ஒரே ஃபைல் 'இறுதி', 'இறுதி 2', 'உண்மையான இறுதி' என்று மூன்று பெயர்களில் கிடந்தது. கடைசியில் 1.1 டெராபைட் மிஞ்சியது. இரவு நேரங்களில் மட்டும் அனுப்பி 13 இரவுகளில் முடித்தோம்.

மாறும் நாளுக்கு முன்பே சர்வரின் பெயரை அதன் முகவரியான ஐபி எண்ணோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவைக் கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை 86,400 நொடியிலிருந்து 300 நொடியாகக் குறைத்துவைத்திருந்தேன். எல்லாக் கணினிகளும் புது முகவரிக்குச் சமர்த்தாக மாறிவிட்டன. வரவேற்பறை ஸ்கேனர் மட்டும் மாறவில்லை. யாரோ எப்போதோ அதில் பழைய ஐபி எண்ணையே நேரடியாகப் பதித்திருக்கிறார்கள். கையெழுத்தான ஒப்பந்தங்கள் இரண்டு நாள் எங்கே போயின என்று தேடினோம்.

புது சர்வரைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்புக்காக 3389 போர்ட் என்ற நுழைவாயிலை இணையத்துக்கே திறந்துவைத்தது என் தவறு. ஒரு மணி நேரத்துக்குள் சர்வரின் பதிவேடான லாகில் முன்பின் தெரியாதவர்களின் நுழைவு முயற்சிகள் வரிசையாக வந்தன. உடனே மூடி, விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாக மட்டும், இரட்டைச் சரிபார்ப்போடு நுழையும்படி மாற்றினேன். டேட்டா சென்டரின் பூட்டு கிளவுட் நிறுவனத்தின் பொறுப்பு. நம் பாஸ்வேர்டும் போர்ட்டும் நம் பொறுப்பு.

முதல் மாத பில் நான் போட்ட கணக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பழைய சர்வரின் அளவை அப்படியே அங்கேயும் எடுத்திருந்தேன். அதன் சிபியு பயன்பாடோ பத்து சதவீதத்தைத் தாண்டவே இல்லை. சோதனைக்கென்று எடுத்திருந்த இன்னொரு இயந்திரத்தை நிறுத்திவைத்திருந்தேன், ஆனால் அதன் டிஸ்க்குக்கு வாடகை ஓடிக்கொண்டே இருந்தது. அளவைப் பாதியாக்கினேன். சோதனை இயந்திரம் இப்போது வாரத்தின் 168 மணி நேரத்தில் 60 மணி நேரம்தான் ஓடுகிறது. பில் கணக்குக்குள் வந்தது. பழைய சர்வரைவிட மலிவு என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இணையம் அறுந்தால் வேலையே நின்றுவிடும் என்பதால் இரண்டாவதாக ஓர் இணைப்பும் எடுக்க வேண்டியிருந்தது.

ஆனால் கடந்த மாதம் ஒருவர் வாடிக்கையாளர் ஃபோல்டரையே தவறுதலாக அழித்துவிட்டார். முந்தைய இரவின் ஸ்னாப்ஷாட்டிலிருந்து, அதாவது டிஸ்க் அப்போது இருந்த நிலையின் நகலிலிருந்து, இருபது நிமிடத்தில் மீட்டேன். நான் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கக்கூட இல்லை.

முதலாளிக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பிரதியை இறக்கி, அவருடைய பீரோவில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் சேமிக்கச் சொல்கிறார். வெளியே இறக்கும் டேட்டாவுக்கும் கட்டணம் உண்டு. பில்லில் தனி வரியாக வருகிறது. அந்த வரியை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "பரவாயில்லை, கட்டிவிடுங்கள்" என்றார்.