ஆங்கில நடையியல்: தமிழ்க் காது தவறவிடும் இடங்கள்

"எங்கும் மூடுபனி." தமிழில் இதைப் படிக்கிற யாருக்கும் இதில் ஒன்றும் உறுத்தாது. "இவர் ஆசிரியர்", "அது என் வீடு" என்று வினையே இல்லாமல் நாள் முழுக்கப் பேசுகிறோம். பெயர்ப் பயனிலை என்று இலக்கணத்தில் அதற்கு இடமும் உண்டு. இதையே 'ஃபாக் எவ்ரிவேர்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தால், ஆங்கிலம் படித்து வளர்ந்தவர் காதில் உடனே இடறும். அங்கே வாக்கியம் என்றால் வினைமுற்று வேண்டும். அது இல்லையென்றால் எழுதியவர் வேண்டுமென்றே விட்டிருக்கிறார் என்று பொருள். நமக்கு அந்த இடறல் கேட்பதில்லை. ஆங்கில நடையியலைத் தமிழர் இந்த இடத்திலிருந்து தொடங்குவதுதான் சரி.

ஒரே செய்தியைச் சொல்ல மொழி பல வழிகள் தருகிறது. எழுதியவர் எதை எடுத்தார், எதை விட்டார், அதனால் பொருளில் என்ன ஆயிற்று என்று இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது நடையியல். பொது வழக்கு பின்னணியில் நிற்க, அதிலிருந்து விலகியது முன்னே துருத்தி நிற்கிறது என்றார் பிராக் மொழியியலாளர் முகரோவ்ஸ்கி, 1932-இல். முன்னிறுத்தல் என்று நாம் சொல்வது இதைத்தான்.

மேலே சொன்ன மூடுபனி டிக்கென்ஸ் 1852-இல் தொடராக எழுதத் தொடங்கிய 'ப்ளீக் ஹவுஸ்' நாவலில் வருவது. முதல் வாக்கியம் ஒரே சொல்: லண்டன். முதல் மூன்று வாக்கியங்களிலும் வினைமுற்றே கிடையாது. இரண்டாம் பத்தியில் 'ஃபாக்' என்ற சொல் 13 முறை வருகிறது. அந்தப் பத்தி முழுவதிலும் வினைமுற்று மூன்றே இடத்தில்தான்; மூன்றும் துணைத் தொடர்களுக்குள் ஒளிந்திருக்கின்றன. முதன்மைத் தொடர்களில் 'க்ரீப்பிங்', 'ஹவரிங்', 'ட்ரூப்பிங்' போன்ற எச்ச வடிவங்கள் மட்டுமே.

இப்போது மாற்றிப் பார்க்க வேண்டும். 'க்ரீப்பிங்' இருக்கும் இடத்தில் 'க்ரீப்ஸ்' போட்டுப் படியுங்கள். பனி ஏதோ ஒரு வேலை செய்வதாக ஆகிவிடுகிறது, காலமும் வந்துவிடுகிறது. மூலத்தில் பனிக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. நான்காம் பத்தியில்தான் முதன்மைத் தொடரில் 'இஸ்' வந்து உட்காருகிறது. அதே பத்தியில் பனியின் நடு மையத்தில் சான்சரி நீதிமன்றமும் வருகிறது. முடியாத வழக்கைப் பற்றிய நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. எண்ணாமல் படித்தால் "வர்ணனை அருமை" என்பதோடு நின்றிருப்போம்.

செய்முறை இதுதான். 150 முதல் 200 சொற்கள் உள்ள ஒரு பகுதி போதும். வாக்கியங்களை எண்ணிடுங்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை சொல் என்று ஓரத்தில் எழுதுங்கள். வினைமுற்றுக்கு ஒரு கோடு, எச்சத்துக்கு இரண்டு கோடு. எழுவாய் யார், அவர் செயல் யார்மீது படுகிறது என்று பாருங்கள். இந்தக் கடைசிக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் மொழியியலாளர் ஹாலிடே 1971-இல் கோல்டிங்கின் 'தி இன்ஹெரிட்டர்ஸ்' நாவலைப் பிரித்து ஆராய்ந்தார். அதில் ஆதிமனிதன் லோக்கின் பார்வையில் யாரும் எதையும் வளைப்பதில்லை. குச்சி தானாகவே இரு முனையிலும் குட்டையாகிறது. வில்லை ஒருவன் வளைக்கிறான் என்பது லோக்குக்குத் தெரியவில்லை. செயப்படுபொருள் குன்றிய வினைகளே அந்த அறியாமையைச் சொல்லிவிடுகின்றன.

நமக்கு நழுவும் இன்னொரு இடம் பேச்சு. "நாளைக்குப் போகிறேன் என்றாள்" என்று தமிழ் அவள் வாயிலிருந்து வந்ததை அப்படியே வைத்து 'என்று' சேர்த்துவிடும். ஆங்கில அயற்கூற்றில் காலம் பின்னால் நகரும், 'டுமாரோ' என்பது 'த நெக்ஸ்ட் டே' ஆகும். பள்ளியில் மனப்பாடம் செய்த விதி. நாவலாசிரியர்கள் இதைப் பாதி மட்டும் செய்வார்கள்: 'ஷி வுட் லீவ் டுமாரோ.' 'வுட்' கதைசொல்லியுடையது, 'டுமாரோ' அவளுடையது. ஒரே வாக்கியத்தில் இரண்டு குரல். ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' முழுக்க இந்த உத்தி விரவிக்கிடக்கிறது. எம்மாவின் தப்புக் கணக்குகளை உண்மை என்று நாம் நம்பிவிடுவதற்கும் இதுவே காரணம்.

சொல் அடுக்கு மட்டும் நமக்கு எளிது. வீடு, இல்லம், கிருகம் ஆகியவற்றின் வேறுபாடு தெரிந்தவருக்குக் 'கிங்லி', 'ராயல்', 'ரீகல்' புரியாமல் போகாது: முதலாவதன் வேர் பழைய ஆங்கிலம், அடுத்தது 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாக வந்தது, மூன்றாவது லத்தீன். ஆனால் வேர்ச்சொல்லை மட்டும் பார்த்து "லத்தீன், அதனால் கனமான நடை" என்று எழுதிவிடாதீர்கள். 'ஸ்ட்ரீட்' லத்தீன் வழி, 'ஃபேஸ்' பிரெஞ்சு வழி. இரண்டும் அன்றாடச் சொற்கள்.

மாணவர் கட்டுரைகள் பெரும்பாலும் சறுக்குவது எண்ணிக்கையிலிருந்து பொருளுக்குத் தாவும்போது. 'எஸ்' ஒலி ஏழு முறை வருகிறது, ஆகவே பாம்பு சீறுகிறது என்பார்கள். அதே ஒலி மளிகைப் பட்டியலிலும் ஏழு முறை வரும். இலக்கணக் கூறுக்குத் தனியாகப் பொருள் ஏதும் கிடையாது, படிப்பவர்தான் ஏற்றுகிறார் என்று இலக்கியத் திறனாய்வாளர் ஸ்டான்லி ஃபிஷ் 1970-களில் நடையியலைச் சாடியதும் இந்தத் தாவலைப் பார்த்துத்தான். அந்த அடி நியாயமானது. அதைத் தாங்க ஒப்பீடு வேண்டும்: அதே நாவலில் வேறு அத்தியாயத்திலிருந்து இதே நீளத்தில் ஒரு பகுதியை எடுத்து இதே கோடுகளைப் போடுங்கள். 'ப்ளீக் ஹவுஸ்' இதற்கு வசதி. அதன் பாத்திரங்களில் ஒருத்தியான எஸ்தர் தன்மையில் சொல்லும் அத்தியாயங்கள் இறந்தகாலத்தில் நடக்கின்றன. மூன்றாம் அத்தியாயத்தின் தொடக்கத்தைப் பனிப் பத்திக்குப் பக்கத்தில் வைத்து வினைமுற்றுகளை எண்ணலாம்.