கங்கைச் சேறு எதுவரைக்கும் போகுது?

கடலுக்கு அடியில என்ன இருக்கும்னு கேட்டா பாதிப்பேரு மணல்னுதான் சொல்வாங்க, பீச்ல பாக்குறதை வச்சு. ஆழத்துக்குப் போகப் போக பெரும்பாலும் சேறுதாங்க, ஆனா அந்தச் சேறு எங்கேருந்து வந்துச்சுன்னு தேடிப் போனா சுவாரசியமா இருக்கும்.

வங்காள விரிகுடாவையே எடுத்துக்குங்க. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையை அரிச்சு வருஷத்துக்கு ஏறக்குறைய 100 கோடி டன் வண்டலைக் கொண்டாருது, அதுல நிறைய டெல்டாவுலயும் ஓரக்கடல்லயும் தங்கிடும், மிச்சம் பங்களாதேஷ் கரைக்குக் கிட்டயே ஆரம்பிக்கிற ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு வழியா கீழ இறங்கும். மெல்லப் படியுதுன்னு நினைச்சுடாதீங்க, தண்ணியும் சேறும் கலந்து கனமாகி, சரிவுல பாய்ஞ்சு, கடலடியிலயே வாய்க்கால் வெட்டிக்கிட்டு ஓடும். (1929ல கனடா பக்கம் கிராண்ட் பேங்க்ஸ்ல நிலநடுக்கம் வந்தப்ப இந்த மாதிரி ஒரு ஓட்டம்தான் தந்தி கேபிளையெல்லாம் ஒண்ணொண்ணா அறுத்துட்டுப் போச்சு, அறுந்த நேரத்தை வச்சுத்தான் பின்னாடி அதோட வேகத்தையே கணக்குப் போட்டாங்க.) இப்படிக் கோடிக்கணக்கான வருஷமா சேந்ததுதான் பெங்கால் ஃபேன்ங்கிற விசிறி மாதிரி விரிஞ்ச கடலடி வண்டல்குவியல், சுமார் 3000 கிமீ நீளம், வடக்குப் பக்கம் தடிமன் 16 கிமீக்கும் மேல. எவரெஸ்ட் உயரம் 9 கிமீகூட இல்ல! இலங்கையைத் தாண்டி, நிலநடுக்கோட்டையும் தாண்டி தெக்கே போகுது. 2015ல ஐஓடிபிங்கிற சர்வதேசக் கடலடித் துளை ஆய்வுத் திட்டத்தோட கப்பல் இலங்கைக்குக் கிழக்கே துளை போட்டு எடுத்ததும் இதே இமயமலை மண்ணுதான்.

அப்போ இந்த மண்ணு எட்டாத இடத்துல என்ன இருக்கும்? மேல மிதக்குற நுண்ணுயிரிங்க செத்து விழுற ஓடுதான். சுண்ணாம்பு ஓடா இருந்தா ஓரளவு ஆழம் வரைக்கும் தாங்கும், அதுக்குக் கீழ தண்ணி குளிர்ந்து, அழுத்தம் ஏறி, கார்பன் டை ஆக்சைடும் ஜாஸ்தியா இருக்குறதால சோடாவுல போட்ட சாக்பீஸ் கணக்கா கரைஞ்சுடும். மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில ஆழம் 5000 மீட்டருக்கும் மேல, அதனால அங்க மிஞ்சுறது ரேடியோலேரியா, டையாட்டம்னு சிலிக்கா ஓடு உள்ளதுங்க, கூடவே களிமண்ணு. ஆயிரம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் ஏறுனாலே பெருசு.

மாங்கனீசு உருண்டைங்க கிடக்குறதும் இந்த மாதிரி எடத்துலதான். கடல் தண்ணியில இருந்தும் சேத்துல ஊறுற தண்ணியில இருந்தும் உலோகம் படிஞ்சு, பத்து லட்சம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்னு வளருற ஜாதி அது, கங்கை மண்ணு வேகமா விழுந்தா வளர்றதுக்கு முன்னாடியே மூடிடும். இந்தியாவுக்கு ஆய்வு பண்ண 75,000 சதுர கிமீ ஒதுக்கியிருக்கிறதும் விரிகுடாவுக்குள்ள இல்ல, அந்த மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையிலதான். அங்க போறதுக்குத்தான் சென்னையில இருக்குற தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் (என்ஐஓடி) மத்ஸ்யா 6000ன்னு மூணு பேர் போற நீர்மூழ்கியை உருவாக்குறாங்க. உருண்டையை அள்ளுனா மேல கிளம்புற சேறு எங்க போய்ப் படியும், அடியில வாழுற புழு பூச்சி என்ன ஆகும்ங்கிறதுதான் எனக்கு உறுத்துது, 1997லயே நம்மாளுங்க அங்க வேணும்னே சேத்தைக் கிளறிவிட்டுப் பாத்திருக்காங்க, அதைப் பத்தி இங்க யாரும் பேசி நான் கேட்டதே இல்ல.