கவுண்டரில் கேட்ட கேள்வி

“முந்தநாள் எடுத்த ரெத்தத்திலயும் இது இருந்திருக்குமா மனே?”

ஆஸ்பத்திரி லாப்பில் இரத்தம் பார்க்கிற என்னிடம் அந்த அம்மம்மா கேட்டது இவ்வளவுதான். “அண்டைக்கு டொக்டர் கேட்டது எண்ணிக்கை மட்டும்தான் அம்மா” என்றேன். “அப்ப சரி மனே” என்று சொல்லி, மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய தாள்களை மடித்து சொப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு வார்டுப் பக்கம் நடந்தார். நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டது அதை இல்லை.

மார்கழி மழை விடாமல் பெய்த கிழமை அது. அந்த நாட்களில் மட்டக்களப்பில் காய்ச்சல் என்றாலே டெங்குதான் என்று கை பழகிவிடும். ஆறு வயதுப் பேரனின் முதல் மாதிரியில் வெள்ளணு 3,800, பிளேட்லட் 62,000. டெங்குவில் இரண்டும் இறங்கும். மெஷின் ‘பிளாஸ்ட்?’ என்று ஒரு ஃபிளாக்கும், அதாவது முதிராத வெள்ளணு இருக்கலாம் என்ற எச்சரிக்கையும், போட்டிருந்தது. டெங்கு காலத்தில் அந்த ஃபிளாக்குக்குப் பெரிய மரியாதை இல்லை. வைரஸ் வந்தால் லிம்போசைட் என்கிற வெள்ளணுக்கள் பெருத்து உருமாறி மெஷினை ஏமாற்றும். ஒரு நாளைக்கு எத்தனையோ ரிப்போர்ட்டில் இப்படி வரும். ஃபிளாக் வந்தால் ஸ்லைட் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ராக்கில் டியூப்கள் நிரம்பி நின்றன, வார்டிலிருந்து போன் மேல் போன். ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டேன்.

அந்தத் தாளில் இன்னோர் எண்ணும் இருந்தது. ஹீமோகுளோபின் 7.9. டெங்கு கடுமையாகும்போது இரத்தத்தின் நீர் குழாய்க்கு வெளியே கசிந்து இரத்தம் தடிக்கும். ஹீமோகுளோபின் ஏறத்தான் பார்க்கும். 7.9 அங்கே வந்திருக்கக் கூடாத எண். ஆனால் வாவிக்கு மேற்கே, வறுமைப்பட்ட படுவான்கரையிலிருந்து வருகிற பிள்ளைக்கு இரத்தச்சோகை புதினமா? அப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்று இப்போது நினைக்கிறேனோ, அதுவும் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து டெங்கு அன்டிஜன் இல்லை என்று வந்தது. காய்ச்சல் இறங்கவில்லை. டொக்டர் பிளட் பிக்சர் கேட்டார். லீஷ்மன் சாயம் போட்டு, எண்ணெய்த் துளி வைத்து, நூறு லென்ஸைத் திருப்பினேன். செல் முழுவதையும் அடைத்துக்கொண்டு நியூக்ளியஸ், ஓரத்தில் நீலமாக ஒரு கீற்று சைட்டோபிளாசம், நியூக்ளியஸுக்குள் வெளிறிய ஒரு புள்ளி. அப்புறம் அதே மாதிரி இன்னொன்று. நூறு வெள்ளணு எண்ணி முடித்தபோது முப்பது பிளாஸ்ட். நேரே மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்த்துக் கையெழுத்து வைத்தார்கள். ஸ்லைடோடு முடிகிற காரியமில்லை இது. இடுப்பெலும்பில் ஊசி ஏற்றி மச்சை எடுத்து, ஃபுளோ சைட்டோமெட்ரியில் செல்லின் மேலிருக்கிற அடையாளங்களைப் பார்த்துத்தான் எந்த வகை இரத்தப் புற்றுநோய் (லியுகேமியா) என்று முடிவு சொல்வார்கள். அதற்குத்தான் மகரகமை.

முதல் நாள் டியூபைத் தேடினேன். கழிவுக்குப் போய்விட்டது. கிடைத்திருந்தாலும் இரண்டு நாள் கிடந்த இரத்தத்தில் செல்கள் குலைந்து போயிருக்கும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வெள்ளணு குறைவான பிள்ளைகளில் வெளி இரத்தத்தில் பிளாஸ்ட் தேடியும் அகப்படாத நேரங்கள் உண்டு. இதை எனக்கு நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் நூற்றுக்கு முப்பது இரண்டு நாளில் வானத்திலிருந்தா விழும்?

கூட வேலை செய்கிற அக்காவிடம் சொன்னேன். “ரெண்டு நாளில ஒண்டும் மாறியிருக்காது, விடு தம்பி” என்றார். மருத்துவமாகப் பார்த்தால் அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். அந்த இரண்டு நாளும் டெங்கு என்று நம்பி, பிள்ளைக்கு இளநீரும் கஞ்சியும் அளந்து அளந்து கொடுத்துக்கொண்டிருந்தவர் அம்மம்மா. தாய் குவைத்தில்.

இப்போது ஃபிளாக் வந்தால் ஸ்லைட் போடாமல் விடுவதில்லை. அதனால் போன கிழமை உண்மையான டெங்கு நோயாளி ஒருவரின் பிளேட்லட் ரிப்போர்ட் முக்கால் மணித்தியாலம் பிந்திப் போனது, வார்டிலிருந்து ஏசினார்கள். அதுவும் நியாயம்தான்.

“ஓம் அம்மா, இருந்திருக்கும், நான்தான் பார்க்கல்ல” என்று சொல்லியிருக்கலாம். யாருக்காகச் சொல்லியிருப்பேன்? இரவு ரெயிலுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்பட இருந்தவருக்கு அது எதற்கு? ஒருவேளை அவருக்குத் தெரிந்துதான் ‘சரி’ என்றாரோ என்னவோ. கம்பிக்குள் கைநீட்டித் தாள்களை வாங்கும்போது என் முகத்தைப் பார்த்தார். நான் ராக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.