வண்டி எவ்வளவு நேரம் நிற்கும்?

"நாலு கார் நிற்கிற இடத்துக்கு மேல சோலார் பேனல், கீழ ஒரு 50 கிலோவாட் ஃபாஸ்ட் சார்ஜர். கரன்ட் கனெக்‌ஷனே வேண்டாம்." மின்சாரக் கார்களுக்குச் சார்ஜிங் நிலையம் வடிவமைக்கும் என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். நான் டேப்பை எடுத்து இடத்தை அளக்கத் தொடங்கிவிடுவேன்.

ஒரு கார் நிற்க இரண்டரைக்கு ஐந்து மீட்டர் இடம். அதற்கு மேல் 500 வாட் பேனல் ஐந்து வைக்கலாம். நான்கு காருக்கும் சேர்த்துப் பத்து கிலோவாட். அதுவும் காகிதத்தில்தான். பேனலில் அச்சிட்டிருக்கும் வாட், 25 டிகிரி சூட்டில் எடுத்த கணக்கு. கொளுத்தும் வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தாண்டும், டிகிரிக்கு 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். பத்தில் ஒரு பங்கு அங்கேயே போச்சு. அப்புறம் எங்கே 50?

ஆனால் காலையில் வந்து மாலைவரை சும்மா நிற்கிற வண்டிக்கு இதே கூரை தாராளம். நல்ல வெயில் நாளில் ஒரு காரின் பங்குக்குப் பத்து யூனிட் கிடைக்கும். நூறு கிலோமீட்டருக்குப் பதினைந்து யூனிட் என்று வைத்தாலும் அறுபது கிலோமீட்டர் ஓட்டலாம். அதனால்தான் சார்ஜரின் வேகத்தைப் பேசுவதற்கு முன் வண்டி நிற்கும் நேரத்தைக் கேட்பேன்.

உண்மையான தலைவலி மேகம். இப்படி நாள் முழுக்க நிற்கும் வண்டிக்கு வைக்கும் ஏசி (மாறுதிசை மின்சாரம்) சார்ஜர், கார் எத்தனை ஆம்பியர் வரை இழுக்கலாம் என்பதை ஒரு சிக்னல் கம்பி வழியாகச் சொல்கிறது. நொடிக்கு 1000 துடிப்பு; துடிப்பின் அகலம் ஒரு சுற்று நேரத்தில் 10 சதவீதம் என்றால் 6 ஆம்பியர். அதற்குக் கீழே இறங்க முடியாது. 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 1.4 கிலோவாட். மூன்று ஃபேஸ் என்றால் குறைந்தபட்சமே 4 கிலோவாட்டைத் தாண்டிவிடும். மேகம் மூடி மொத்தக் கூரையும் இரண்டு கிலோவாட்டுக்கு இறங்கினால், ஒரே ஒரு காருக்குத்தான், அதுவும் ஒற்றை ஃபேஸில்தான், கொடுக்க முடியும். நான்கையும் முறைவைத்துச் சுழற்ற வேண்டும். மேகத் துண்டு ஒவ்வொன்றுக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) 'டக் டக்' என்று அடிக்காமல் இருக்க, மாற்றுவதற்கு முன் சில நிமிடம் பொறுக்கும்படி கன்ட்ரோலரில் எழுதிவிடுவேன். அந்த இடைவெளியை நிரப்பக் கரன்ட் கனெக்‌ஷன் இருந்தால் நிம்மதி. பேட்டரியும் வைக்கலாம்தான், ஆனால் கம்பி எட்டுகிற இடத்தில் அதை நான் கடைசியாகத்தான் யோசிப்பேன்.

இன்னொன்று, விளக்குக் கம்பம். பேனல்கள் வரிசையாகக் கோத்தவை. மெல்லிய கம்ப நிழல் விழுந்தால்கூட, அந்தப் பேனலில் மூன்றில் ஒரு பகுதியை பைபாஸ் டயோடு (நிழல் விழுந்த பகுதியைச் சுற்றி மின்சாரத்துக்கு மாற்றுவழி தரும் பாகம்) ஒதுக்கிவிடலாம். கம்பத்தைக் கூரைக்கு நிழல் விழாத பக்கம் நகர்த்தச் சொன்னால், கட்டட வரைபடம் போட்டவருக்குக் கோபம் வரும். வரட்டும்.