அப்பலாச்சியன் பாதையில் மண்வெட்டியோடு ஒரு நாள்

அமெரிக்காவின் நெடிய மலை நடைபாதையான அப்பலாச்சியன் பாதையை நடந்து முடித்தவர்கள் எழுதிய அனுபவங்கள் ஏராளமாக உண்டு. அதை நடக்கும் நிலையில் வைத்திருப்பவர்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. வர்ஜீனியாவில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, ஷெனண்டோவா தேசியப் பூங்காவுக்குள் அப்பாதையின் ஒரு பகுதியைச் செப்பனிடச் சென்ற தன்னார்வலர்களோடு சேர்ந்துகொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையிலிருந்து மெயின் மாநிலத்தின் கட்டாடின் மலை வரை, 14 மாநிலங்களின் ஊடாகச் சுமார் 3,500 கிலோமீட்டர் நீளும் இந்தப் பாதையை 1921-இல் முன்மொழிந்தவர் வனவியலாளர் பென்டன் மக்காய். மைரன் ஏவரி என்ற வழக்கறிஞரின் தலைமையில் பெரும்பாலும் தன்னார்வலர்களே மலை மலையாக ஏறி இடம் பார்த்து, 1937-இல் அதை முழுமையாக்கினார்கள். நிர்வாகம் இன்று தேசியப் பூங்காச் சேவையிடம் இருந்தாலும், அன்றாடப் பராமரிப்பு சுமார் 30 மன்றங்களின் கையில் இருக்கிறது. அவற்றுள் 1927-இல் தொடங்கப்பட்ட பொடோமாக் அப்பலாச்சியன் டிரெயில் கிளப், பென்சில்வேனியாவிலிருந்து வர்ஜீனியா வரை ஏறத்தாழ 240 மைல் தூரத்தைப் பார்த்துக்கொள்கிறது. அந்தத் தூரத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஓர் உறுப்பினரின் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். நாங்கள் சென்ற துண்டுக்குப் பொறுப்பானவர் ஓய்வுபெற்ற பெரியவர். எந்த வளைவில் எந்தக் கல் ஆடும் என்பதுவரை அவருக்கு மனப்பாடம்.

அன்றைய வேலையின் பெரும்பகுதி தண்ணீரைப் பற்றியதாகவே இருந்தது. நடப்பவர்களின் கால்கள் பாதையின் நடுவை அழுத்திப் பள்ளமாக்குவதோடு நின்றுவிடுகின்றன. அந்தப் பள்ளத்தில் இறங்கும் மழைநீர்தான் வேகமெடுத்து மண்ணை அரித்து, வேரையும் கல்லையும் வெளியே தள்ளுகிறது. கால் வைக்கக் கூசும் அந்த இடத்தைத் தவிர்க்க மக்கள் ஓரமாக நடக்க, ஒற்றையடிப் பாதை சில ஆண்டுகளில் வண்டித்தடம்போல் அகன்றுவிடுகிறது. இதைத் தடுக்கப் பாதையின் தளத்தைப் பள்ளத்தாக்குப் பக்கமாகச் சற்றே சாய்த்து அமைக்கிறார்கள். ஒரு மீட்டர் அகலத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் சரிவு இருந்தாலே நீர் பாதையோடு ஓடாமல் குறுக்கே கடந்து வெளியேறிவிடும். நாளடைவில் வெளி ஓரத்தில் மண்ணும் சருகும் சேர்ந்து சிறு வரம்பாகி அந்த நீரை மறித்துவிடுவதால், அதை வெட்டி அகற்றுவது தீராத வேலை. செங்குத்தாக ஏறும் இடங்களில் இந்தச் சரிவு மட்டும் போதாது; அங்கே கற்களையோ கட்டையையோ பாதி புதைத்துப் பாதைக்குக் குறுக்கே சாய்வாகப் பதித்து, ஓடிவரும் நீரை ஓரத்துக்குத் திருப்புகிறார்கள். அத்தகைய தடுப்புகளில் நிரம்பிய வண்டலை வாரி, வெளியேறும் வாயை அகலப்படுத்துவதுதான் எனக்குத் தரப்பட்ட பணி. வாரிய மண்ணை வீணாக்காமல், தடுப்புக்குக் கீழே தேய்ந்திருந்த தளத்தில் கொட்டி மிதித்து இறுக்கச் சொன்னார் பெரியவர்.

கருவிகளில் என்னைக் கவர்ந்தது, ஒரு பக்கம் கோடரியும் மறுபக்கம் மண்வெட்டும் அலகும் கொண்ட புலாஸ்கி. 1910-இல் ஐடஹோவில் மூண்ட பெருங்காட்டுத் தீயில் தன் ஆட்களைச் சுரங்கத்துக்குள் அழைத்துச் சென்று காப்பாற்றிய வனக்காவலர் எட் புலாஸ்கியின் பெயரைத் தாங்கிய கருவி அது. வேரும் மண்ணும் பின்னிக் கிடக்கும் இடத்தில் அதற்கு ஈடு இல்லை, ஆனால் ஒரு மணி நேரத்தில் தோள் கழன்றுவிடும்.

மதியத்துக்கு மேல், விழுந்து கிடந்த ஓக் மரம் ஒன்று வழியை மறித்தது. பூங்காவின் அப்பகுதி இயற்கை நிலையிலேயே காக்கப்படும் வனாந்தரமாக ஒதுக்கப்பட்டது என்பதால், 1964-ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டப்படி அங்கே இயந்திர ரம்பத்துக்கு இடமில்லை. அதற்கெனப் பயிற்சிச் சான்று பெற்ற இருவர் ஆளுயர ரம்பத்தை ஆளுக்கொரு முனையில் பிடித்து அறுத்தார்கள். அவரவர் முறை வரும்போது இழுக்க வேண்டுமே தவிர, எதிரில் இருப்பவரை நோக்கித் தள்ளக் கூடாது; தள்ளினால் அலகு வளைந்து சிக்கிக்கொள்ளும். கை ரம்பத்தால் மட்டுமே அறுக்கும் இந்த மரபு வீம்பாகத் தோன்றலாம்; ஆனால் காட்டின் ஒலிகளுக்கு நடுவே அந்த ரம்பம் பாடியதைக் கேட்டபின் எனக்கு அந்தச் சட்டத்தின்மேல் குறை சொல்லத் தோன்றவில்லை.

திரும்பும் வழியில், மங்கிப்போன வெண்ணிற அடையாளங்களுக்குப் புதுப் பூச்சு பூசினோம். இரண்டு அங்குல அகலமும் ஆறு அங்குல உயரமும் கொண்ட அந்தப் பட்டைதான் பாதை முழுவதற்கும் பொதுவான குறி. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பட்டைகள் இருந்தால் முன்னே திருப்பம் இருப்பதாகப் பொருள், நீலப் பட்டை கிளைப் பாதைக்கு உரியது. கூடுதலாக ஒரு மரத்தில் பூசலாமா என்று கேட்டவரைப் பெரியவர் தடுத்துவிட்டார். வழி ஐயமின்றித் தெரியும் இடத்தில் குறி தேவையில்லை என்பது அவர் கருத்து. அது சரியென்றே எனக்கும் பட்டது.

வாகனம் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் அவர் ஒவ்வொருவருடைய வேலை நேரத்தையும் எழுதி வாங்கிக்கொண்டார். எங்களால் அசைக்க முடியாமல் விட்டுவந்த இரண்டு தடுப்புக் கற்களின் இருப்பிடத்தையும் குறித்துக்கொண்டு, அடுத்த முறை நீளக் கடப்பாரைகளோடு கூடுதலாக நான்கு பேர் வேண்டும் என்றார்.