பதில் சொல்லாத சர்வர்: ஒரு வாரக் குறிப்பு

மார்ச் 4, செவ்வாய்

கிளை அலுவலகத்துச் சர்வரிலிருந்து தினமும் இரவு 2 மணிக்கு ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் நிரல்) வழியாகக் கோப்புகளை எடுத்துவரும் கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலை), சனிக்கிழமை முதல் ஒன்றையும் கொண்டுவரவில்லை என்பது இன்றுதான் தெரிந்தது. பிழைச் செய்தி வராததால் எல்லாம் சரியாக நடக்கிறது என்றே இருந்துவிட்டேன். ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் கட்டளை கொடுத்தால் நான்கு இரவுகளின் நான்கு ஆர்சிங்க்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. கிளைச் சர்வர் இருக்கிறதா என்று பிங் செய்தால் பதில் வருகிறது; ஆர்சிங்க்குக்குரிய 873ஆம் போர்ட்டில் இணைப்பும் கிடைக்கிறது; அதற்குப் பிறகு கோப்புத் தரவு ஒரு பைட்டும் வரவில்லை.

மாலையில் காரணம் பிடிபட்டது. அங்குள்ள ஆர்சிங்க் டீமன் (பின்னணியில் ஓடிக் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் நிரல்) பகிரும் கோப்புறை, வேறொரு சேமிப்புப் பெட்டியிலிருந்து என்எஃப்எஸ் (வலையமைப்பு வழிக் கோப்புப் பகிர்வு) மூலம் ஹார்ட் முறையில், அதாவது பதில் வரும்வரை விடாமல் காத்திருக்கும்படி, மவுன்ட் செய்யப்பட்டது (இணைக்கப்பட்டது). அந்தப் பெட்டி செயலிழந்ததும் டீமன் அதற்காகக் காத்திருக்க, எங்கள் சர்வர் டீமனுக்காகக் காத்திருந்திருக்கிறது. கிளைச் சர்வரின் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) உயிரோடு இருந்து பதில் தருவதால், இணைப்பு இருக்கிறதா என்று அவ்வப்போது சோதிக்கும் டிசிபி கீப்அலைவ் போட்டிருந்தாலும் இது அகப்பட்டிருக்காது.

மார்ச் 5, புதன்

தரவு வராமல் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று சொல்லும் ஆர்சிங்க்கின் டைம்அவுட் இயல்பாக 0. அதன் பொருள் வரம்பில்லாமல் காத்திரு என்பதே. கான்டைம்அவுட் என்ற இன்னொரு வரம்பு டீமனுடன் இணைப்புக் கிடைக்கும்வரைதான் கணக்கு என்பதால் இங்கே உதவாது. டைம்அவுட்டை 60 வினாடி என்று வைத்து, முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது கிளம்பாதபடி எஃப்லாக் பூட்டும் போட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

அவசரப்பட்டுவிட்டேன். பெட்டி சரியான பிறகும் வேலை 30 என்ற குறியீட்டோடு, அதாவது தரவுக்காகக் காத்து நேரம் தீர்ந்து, நின்றது. நாங்கள் செக்சம் விருப்பத்தோடு (கோப்பின் உள்ளடக்கத்தையே ஒப்பிடும் முறை) ஓட்டுவதால், 40 ஜிபி கோப்பு ஒன்றை முழுதாகப் படித்து முடிக்கும்வரை எதிர்முனை வாய் திறப்பதில்லை. வினாடிக்கு 100 எம்பி என்றாலும் ஏறக்குறைய 7 நிமிடம். வேலையில் மூழ்கியிருந்த சர்வரைச் செத்ததாக நானே முடிவுகட்டியிருக்கிறேன். இப்போது 900 வினாடி. 30 வந்தால் மட்டும் 10 நிமிட இடைவெளியில் மூன்று முறை மறுமுயற்சி. மற்றக் குறியீடுகளுக்கு எனக்கு மின்னஞ்சல்.

மார்ச் 10, திங்கள்

"மவுன்டை சாஃப்ட்னு மாத்திடட்டுமா அண்ணா?" என்று கிளையிலிருந்து தம்பி கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தக் கோப்புறையில் அங்குள்ளவர்கள் எழுதவும் செய்கிறார்கள். சற்று நேரம் காத்துவிட்டுக் கைவிடும் சாஃப்ட் முறையில் பாதி எழுதிய கோப்பு பிழையோடு கைவிடப்படலாம். காத்திருப்புக்கு வரம்பு எங்கள் பக்கமே இருக்கட்டும். நேற்றிரவு ஓட்டம் 2.41க்கு முடிந்தது, குறியீடு 0, அதாவது பிழையில்லை.